சாரல் தொடங்கினதும் ஏசியில பூசண நாத்தம்: ஃபில்டர் மட்டும் மாத்தினா தீருமா?

1. புளியரை_வளைவு

வணக்கம். 2017 பெட்ரோல் ஹேட்ச்பேக். ஓட்டம் செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியா புனலூர், திரும்ப அதே வழி. ஜூன்ல சாரல் பிடிச்சதிலிருந்து ஏசி போட்ட முதல் ரெண்டு மூணு நிமிஷம் ஈரச் சாக்கு நாத்தம், அப்புறம் குறையுது. பின்சீட் பெல்ட்டுல வெள்ளைப் பொட்டு, டிரைவர் சீட் அடியில சாம்பல் படலம். கேபின் ஃபில்டர் (ஏசிக்குள்ள போற காத்தை வடிக்கிறது) மாத்தி ரெண்டு மாசம்கூட ஆகல. எடுத்துப் பாத்தா ஒரு மூலை நனைஞ்சு கறுத்திருக்கு. இன்னொண்ணு வாங்கிப் போட்டா தீருமா, இல்ல டேஷ்போர்டைக் கழட்டி ஏசியோட கூலிங் காயில் கழுவணுமா?

2. மார்த்தாண்டம்_ஸ்பேனர்

தம்பி, ரெண்டும் இப்ப வேண்டாம். "ஒரு மூலை நனைஞ்சிருக்கு"ன்னு எழுதினீங்களே, அதைப் பிடிங்க. காத்துல இருக்கிற ஈரத்தால நமத்தா ஃபில்டர் முழுக்க ஒரே மாதிரி நமக்கும். ஒரு மூலை மட்டும்னா அந்த இடத்துல தண்ணி சொட்டுது. சொட்டுறதை நிறுத்தாம எத்தனை ஃபில்டர் போட்டாலும் ரெண்டு மாசம்தான்.

மூணு சோதனை பண்ணிட்டு வாங்க. காசு ஆகாது.

ஒண்ணு: முன்பக்க இடது சீட்ல கால் வைக்கிற இடத்துல மேட்டை எடுத்துட்டு, செய்தித்தாளை எட்டா மடிச்சு கார்பெட் மேல வச்சு குதிகாலால ஒரு நிமிஷம் அழுத்துங்க. கையால தொட்டா மேல காஞ்ச மாதிரிதான் இருக்கும். அடியில ரெண்டு செ.மீ. கனத்துக்குப் பஞ்சும் கம்பளியும் இருக்கு, தண்ணி அதுல நிக்கும். நாலு மூலையிலும், டிக்கியில ஸ்டெப்னி குழியிலும் இதே மாதிரி பாருங்க.

ரெண்டு: ஏசியை முழுசா வச்சு வண்டியை நிறுத்தின இடத்திலேயே 20 நிமிஷம் ஓட விடுங்க. திறந்த வெளியில செய்யுங்க, ஷெட்டுக்குள்ள வேண்டாம். இந்தச் சீசன்ல அஞ்சு பத்து நிமிஷத்துல இடது முன்பக்கம் அடியில விடாம சொட்டணும்.

மூணு: மழை பெய்ஞ்சு ஏசியே போடாத நாள் ஒரு தடவை, மழையில்லாம ஏசி ஓடின நாள் ஒரு தடவை, அந்தச் செய்தித்தாள் சோதனையை மறுபடி பண்ணுங்க. எந்த நாள் நனையுதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது.

நனைஞ்ச தாளை மோந்தும் பாருங்க. லேசா இனிப்பு வாசனை, பிசுபிசுப்பு, பச்சையோ ரோஸ் கலரோ இருந்தா அது மழைத்தண்ணி இல்ல, ஹீட்டர் காயில்ல இருந்து, எஞ்சினைக் குளிர வைக்கிற கூலன்ட் ஒழுகுது. அப்படி இருந்தா கண்ணாடி உள்பக்கம் துடைச்சாலும் போகாத எண்ணெய்ப் படலமும் இருக்கும். அது வேற வைத்தியம்.

3. கம்பம்மெட்டு_டீசல்

ஈரப்பதம் காட்டுற சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒண்ணு வாங்கி வண்டிக்குள்ள போடுங்க. ராத்திரி முழுக்க 70க்கு மேல நின்னா பூசணத்துக்கு விருந்து. 60க்குக் கீழே இருந்தா புதுசா பரவாது. மூக்கை நம்பாதீங்க, பத்து நிமிஷத்துல அது பழகிடும்.

4. புளியரை_வளைவு

பாத்துட்டேன். முன் இடதுல தாள் நனையுது, மழை நாளும் நனையுது, ஏசி நாளும் நனையுது. 20 நிமிஷத்துல கீழ மொத்தமே நாலஞ்சு சொட்டு. மத்த மூணு மூலையும் டிக்கியும் காஞ்சிருக்கு. கூலன்ட் வாசனை இல்ல.

5. மார்த்தாண்டம்_ஸ்பேனர்

அப்ப ரெண்டு வழியிலயும் வருது. மழை வழியை நான் சொல்றேன், ஏசி வழியைத் தென்காசிக்காரர் சொல்வார்.

பானெட்டைத் திறங்க. கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் நிக்கிற கருப்பு பிளாஸ்டிக் ஜாலி இருக்கே, அதுக்கு அடியில ஒரு தொட்டி. கண்ணாடியில விழுற மழை முழுக்க அங்க இறங்கி, ரெண்டு ஓரத்திலும் இருக்கிற ஓட்டை வழியா முன் சக்கரத்துக்குப் பின்னால வெளியே போகணும். ஏசிக்கு வெளிக்காத்து உறிஞ்சுற வாயும் அதே தொட்டியிலதான், இடது பக்கமா, கொஞ்சம் உசந்து இருக்கு. ஓரத்து ஓட்டை அடைச்சா தொட்டி நிரம்பும், நிரம்பினா அந்த வாய் வழியா நேரா ஃபில்டர் தலையில ஊத்தும். உங்க மூலை நனைஞ்ச கதை இதுதான்.

அடைக்கிறது எதுன்னா, தேக்கு இலை இல்ல. அது பெரிசு, ஜாலிக்கு மேலயே நிக்கும். புளிய இலை, ரப்பர் இலைக்காம்பு, மாம்பூ, இதெல்லாம்தான் ஜாலிக்குள்ள இறங்கி மண்ணோட சேர்ந்து சாணி மாதிரி ஆகிடும். ரப்பர் இலை உதிர்றது டிசம்பர், ஜனவரியில. அடைப்பு தெரியறது ஜூன்ல. நடுவுல யாரும் திறந்து பாக்கிறதில்ல.

வைப்பர் கையைக் கழட்டும் முன்னாடி கண்ணாடியில அது நிக்கிற இடத்துல மாஸ்கிங் டேப் ஒட்டிக்கோங்க, திரும்ப அதே கோணத்துல மாட்டணும். நட் பெரும்பாலும் 14 மி.மீ. கழண்டதும் கை வராது, இறுகியிருக்கும். நெம்பாதீங்க, கண்ணாடி விரியும். கையை மேலயும் கீழயும் ஆட்டி ஆட்டி எடுங்க. ஜாலியோட கிளிப்பை ஈரத்துணி போட்டு மெதுவா தூக்குங்க. பழைய பிளாஸ்டிக் ஒடியும், ரெண்டு கிளிப் கையில வச்சிருக்கிறது நல்லது.

குப்பையைக் கையால அள்ளுங்க. தண்ணி பீச்சித் தள்ளினா குப்பை ஓட்டைக்குள்ள போய் இன்னும் இறுகும். அள்ளி முடிச்சதும் ஒரு ஓரத்துல ஒரு லிட்டர் தண்ணியை மெதுவா ஊத்துங்க, சக்கரத்துப் பக்கம் உடனே கொட்டணும். அடுத்த ஓரத்திலும் அப்படியே. தண்ணி நின்னு நின்னு போனா இன்னும் உள்ள இருக்கு. ஓட்டை வாயில ரப்பர் மூக்கு இருந்தா அதை அமுக்கி விட்டா உள்ள சேர்ந்த மண் விழும்.

6. சாரல்_தென்காசி

ஏசி பக்கத்தை எழுதுகிறேன்.

கூலிங் காயில் ஓடும்போது அதன் மேற்பரப்பு பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருக்கும். 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 26 டிகிரியைத் தொட்டாலே வியர்க்கத் தொடங்கும். அதனால் சாரல் நாளில் காயிலில் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட தண்ணீர் இறங்கலாம். அது காயில் பெட்டியின் அடித்தட்டில் சேர்ந்து, ஒரு விரல் கனமுள்ள ரப்பர் குழாய் வழியாக ஃபயர்வாலைத் (எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தகடு) தாண்டி வெளியே போக வேண்டும். நாலஞ்சு சொட்டுதான் என்றால் மீதி உள்ளே நிற்கிறது. பிரேக் போடும்போதோ திரும்பும்போதோ சளக் சளக் என்று டேஷ்போர்டுக்குள் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

அடைப்புக்குக் காரணம் மூன்று: தூசியும் பூஞ்சையும் சேர்ந்த வழவழப்பு, ஃபில்டர் இல்லாமல் ஓட்டியபோது உள்ளே போன இலைத்தூள், குளவி. கடைசியை யாரும் நம்புவதில்லை. நிறுத்திப் போட்ட வண்டியின் குழாய் முனையில் குளவி மண் அப்பி மூடிவிடும்.

அடியிலிருந்து நீக்குங்கள். கம்பி வேண்டாம், காயிலையோ அடித்தட்டையோ குத்தும். புல்வெட்டும் மெஷினில் போடும் நைலான் கயிறு 2 மி.மீ. கனத்தில், 30 செ.மீ. நீளம் வெட்டி, முனையை நெருப்பில் காட்டி மழுங்க வைத்து, முறுக்கி முறுக்கி ஏற்றுங்கள். முகத்தை நேராகக் கீழே வைக்காதீர்கள், அடைப்பு விட்டதும் அரை லிட்டர் கருப்புத் தண்ணீர் ஒரே வீச்சில் வரும். ஏர் அடிப்பதானால் 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் வேண்டாம். பங்க்சர் கடையில் பிடிக்கும் அதே வேகத்தில் பிடித்தால் உள்பக்கம் குழாய் கழன்று விடும், அப்புறம் தண்ணீர் நிரந்தரமாகக் கார்பெட்டுக்குத்தான்.

வண்டியைத் தூக்கினால் ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு வேண்டும்.

7. பாலக்காடு_ஏட்டன்

இங்கே இதுக்கு பூப்பல்னு பேர், மழை மாசத்துல பாதி வண்டியில இருக்கு. என் கேள்வி: காயில் நாத்தத்துக்கு ஹீட்டரை முழுசா வச்சு பத்து நிமிஷம் ஓட்டினா காயில் காஞ்சிடும்னு எல்லாரும் சொல்றாங்களே, அதைச் செஞ்சா போதாதா?

8. சாரல்_தென்காசி

ஏட்டா, காற்று போகும் வரிசையைப் பாருங்கள். முதலில் புளோயர், பிறகு ஃபில்டர் (சில வண்டியில் ஃபில்டர் முதலில்), பிறகு கூலிங் காயில், அதற்கும் பிறகுதான் ஹீட்டர் காயில். ஹீட்டர் சூடாக்குவது காயிலைத் தாண்டிவிட்ட காற்றை. வெளிக்காற்று வைத்து ஹீட்டர் போட்டால் கூலிங் காயிலுக்கு வருவது அதே ஈரமான சாரல் காற்றுதான்.

வேலை செய்ய வேண்டுமென்றால் ரீசர்குலேஷனில் (உள்காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும் நிலை) வையுங்கள், ஏசி பட்டன் அணை, சூடு முழுசா, புளோயர் மூன்றில், நான்கு கண்ணாடியும் கால் பாகம் இறக்கம். சூடான உள்காற்று திரும்பக் காயில் வழியாகப் போகும், ஈரம் கண்ணாடி வழியாக வெளியேறும். கண்ணாடியை மூடி வைத்துச் செய்தால் ஈரம் சீட்டுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

அன்றாடப் பழக்கம் இதைவிட எளிது. சேருமிடத்துக்கு முன்னால் ஏசி பட்டனை மட்டும் அணைத்து, வெளிக்காற்று வைத்து, புளோயரை ஓட விடுங்கள். எல்லா இடத்திலும் "ஐந்து நிமிஷம்" என்று எழுதியிருப்பார்கள். சுரண்டைப் பக்கம் வெயிலில் ஐந்து போதும். செங்கோட்டையில் சாரல் பெய்யும்போது பத்து, பதினைந்து வேண்டும், வெளிக்காற்றே நனைந்திருக்கிறது.

9. கம்பம்மெட்டு_டீசல்

என் மாடல்ல (பழைய அடிமட்ட வேரியன்ட்) கேபின் ஃபில்டரே கம்பெனி கொடுக்கல. க்ளவ் பாக்ஸ் பின்னால மூடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் இருக்கு. வெட்டிப் போடலாமா?

10. மார்த்தாண்டம்_ஸ்பேனர்

சில சின்ன வண்டியில இடம் விட்டிருப்பான், ஃபில்டர் மட்டும் போடமாட்டான். மேல் வேரியன்ட்டுக்கும் கீழ் வேரியன்ட்டுக்கும் ஒரே அச்சுப் பெட்டி. வெட்டற முன்னாடி உள்ள ஃபில்டர் ஏறி உட்காருற தண்டவாளம் ரெண்டு பக்கமும் இருக்கான்னு சின்ன கேமராவோ, புளோயரைக் கழட்டி டார்ச்சோ வச்சு பாத்துக்கணும். தண்டவாளம் இருந்தா மூடியைச் சுத்தி இருக்கிற மெல்லிசுக் கோட்டுல சூடான கத்தியால வெட்டி, மேல் வேரியன்ட்டோட மூடியை வாங்கிப் போடலாம். வெட்டும்போது விழுற பிளாஸ்டிக் துணுக்கு புளோயர்ல போயிடும், கிரீஸ் தடவின கத்தி, கூடவே வேக்குவம். தண்டவாளம் இல்லன்னா விட்டுடுங்க. ஸ்பாஞ்சைக் கட்டி வைக்கிற வேலை வேண்டவே வேண்டாம், அது தண்ணி குடிச்சு காயிலுக்கு முன்னாடியே இன்னொரு பூசணத் தோட்டம் போட்டுடும்.

11. புளியரை_வளைவு

ஜாலிக்கடியில இருந்து ஒரு வாளி சாணி வந்தது. குழாயிலயும் அடைப்பு விட்டுடுச்சு, இப்ப நல்லா சொட்டுது. அடுத்து ஃபில்டரா, கார்பெட்டா? ஃபில்டர்ல கரி போட்டது நல்லதா, சாதாவா?

12. சாரல்_தென்காசி

கார்பெட் முதலில், காயில் பிறகு, ஃபில்டர் கடைசி. புது ஃபில்டரைப் போட்டுவிட்டு பூசணத்தைத் தட்டினால் அந்த விதை முழுவதும் புது ஃபில்டரில்தான் சேரும். ஆனாலும் கேள்வி ஃபில்டர் பற்றியது என்பதால் அதை இப்போதே எழுதி விடுகிறேன்.

நம் பாதைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. புளியரை வரை எம்-சாண்ட், ஜல்லி லாரிகளின் பின்னால் ஓட்டம். மாவு மாதிரி கல்தூசியும் சக்கரம் கிளப்பும் மண்ணும் ஃபில்டர் மடிப்பில் உட்காரும். ஆரியங்காவு தாண்டியதும் ஈரக்காற்று. வெறும் தூசி மட்டும் இருந்தால் ஃபில்டர் அடைக்கும், வெறும் ஈரம் மட்டும் இருந்தால் காய்ந்து விடும். இலைத்தூளும் மகரந்தமும் கலந்த தூசி நனைந்தால்தான் பூசணத்துக்குச் சோறு. அதனால் புத்தகத்தில் போட்டிருக்கும் 10,000 – 15,000 கி.மீ. கணக்கு இந்த 744-ஆம் நெடுஞ்சாலைக்குப் பொருந்தாது. ஆனி, ஆடிச் சாரல் முடிந்ததும் ஒன்று, ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஒன்று, இதுதான் என் கணக்கு.

கரி ஃபில்டர் லாரிப் புகை வாசனையை நன்றாகவே பிடிக்கும். ஆனால் ஈரம் ஏறினால் கரியின் துளைகளைத் தண்ணீரே நிரப்பிவிடும், வாசனை பிடிக்கும் வேலை குறையும். சாரல் மாதத்துக்குச் சாதாவை வருஷம் இரண்டு தடவை மாற்றுவது, கரி ஒன்றை வருஷம் முழுக்க இழுப்பதைவிட மேல். விலையும் ஏறத்தாழ சரியாகப் போகும். மாசி, பங்குனிக்குக் கரி போடலாம்.

ஃபில்டர் மீது தயவுசெய்து எதையும் தெளிக்காதீர்கள். சென்ட், டெட்டால், சானிடைசர், எதுவும். நல்ல ஃபில்டரின் துணியில் நுண்தூசியை இழுத்துப் பிடிக்க நிலைமின்னேற்றம் கொடுத்திருப்பார்கள். ஆல்கஹால் பட்டால் அந்த மின்னேற்றம் போய்விடும். பார்க்கப் புதுசாக இருக்கும், பி.எம். 2.5 அளவுத் தூசி நேராகத் தாண்டிப் போகும். கழுவிக் காயவைப்பதும் ஏர் அடிப்பதும் கெடுதல்தான். ஏர் அடித்தால் மடிப்பு விரியும், பூசண விதை உங்கள் முகத்துக்கு வரும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை: புளோயர் அணைத்த பிறகே திறக்கவும். க்ளவ் பாக்ஸைக் காலி செய்து, ஒரு பக்கம் இருக்கும் கயிறையோ டேம்பரையோ (மெதுவாகத் திறக்க வைக்கும் சிறு தண்டு) விடுவித்து, இரு பக்கச் சுவரையும் உள்ளுக்கு அழுத்தினால் கீழே தொங்கும். ஃபில்டர் மூடியின் இரு கிளிப்பை அழுத்தி இழுங்கள். பழைய ஃபில்டரைச் சாய்க்காமல் தட்டு ஏந்துவது மாதிரி மட்டமாக இழுக்க வேண்டும். மேலே கிடக்கும் இலை புளோயருக்குள் விழுந்தால் அப்புறம் டிக் டிக் என்று சத்தம், டேஷ்போர்டு அடியில் படுத்து புளோயரையே கழற்ற வேண்டி வரும்.

புது ஃபில்டரின் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும். அது காற்று போகும் திசை. பழையதில் அழுக்கான முகம்தான் காற்று வரும் பக்கம். அம்பின் வால் அந்தப் பக்கம், தலை சுத்தமான பக்கம். "மேலே" என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது காற்றுத் திசை அல்ல, நிறுத்தும் முறை. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. ஓரத்து ஸ்பாஞ்சுக்கும் பெட்டிக்கும் நடுவே விரல்நகம் நுழையும் இடைவெளி இருந்தால் அந்த ஃபில்டரைத் திருப்பிக் கொடுங்கள். காற்றுக்கு இடுக்கு கிடைத்தால் துணி வழியாக ஏன் போகப் போகிறது?

13. பாலக்காடு_ஏட்டன்

காயிலுக்கு நுரை அடிக்கிறது பத்தி சொல்லுங்க. வீட்டு ஏசிக்கு வாங்கின கெமிக்கல் பாதி பாட்டில் மிச்சம் இருக்கு.

14. சாரல்_தென்காசி

அதை வீட்டு ஏசியோடு விட்டுவிடுங்கள். சில காயில் கெமிக்கல் கடும் காரம், சில அமிலம். வெளி யூனிட்டில் அடித்துக் குழாய்த் தண்ணீரில் கழுவி விடலாம். வண்டியில் கழுவ வழியில்லை. மிச்சம் தங்கினால் மெல்லிய அலுமினியத்தில் ஊசித்துளை விழும், கேஸ் போகும், டேஷ்போர்டு இறங்கும். பிளீச்சிங் தண்ணீரும் அப்படித்தான். கார் எவாப்பரேட்டருக்கு (கூலிங் காயிலின் பெயர்தான்) என்றும் அலுமினியத்துக்கு ஆகும் என்றும் எழுதிய நுரை கேன் வாங்குங்கள்.

செய்முறை: குழாய் அடைப்பில்லை என்று உறுதி செய்த பிறகே. எஞ்சின் அணைத்து, ஃபில்டரை வெளியே எடுத்து, கால் பக்கக் கார்பெட்டில் பழைய துண்டு விரியுங்கள். கேனோடு வரும் நீளக் குழலைக் காயிலை நோக்கிச் செலுத்த வேண்டும். ஃபில்டர் இடம் காயிலுக்கு நேர் முன்னால் இருந்தால் அங்கிருந்தே. ஃபில்டர் புளோயருக்கு மேலே இருக்கும் வண்டியில் அங்கே அடித்தால் நுரை மோட்டார் மேல் விழும், அப்போது கீழிருந்து, தண்ணீர் சொட்டும் அந்த ரப்பர் டிரெய்ன் குழாய் வழியாக ஏற்றுங்கள். புளோயர் ரெசிஸ்டர் (புளோயர் வேகத்தை மாற்றும் மின் பாகம்), வயர் கனெக்டர் பக்கம் நுரை போகக் கூடாது. 20 நிமிஷம் விடுங்கள். நுரை தண்ணீராகிக் கீழே சொட்டும், முதலில் பழுப்பு, பிறகு தெளிவு. பிறகு கதவெல்லாம் திறந்து புளோயரை ஒன்றில் தொடங்கி மூன்றுக்கு, 15 நிமிஷம். எடுத்தவுடன் நாலில் வைத்தால் நுரைத்துளி ஏசி வாயிலிருந்து கண்ணில் வரும்.

கன்னங்கரேலென்று சேறு மூடிய காயிலுக்கு நுரை போதாது. டார்ச் அடித்தால் தகடுகளுக்கு நடுவே வெளிச்சமே தெரியாவிட்டால் மட்டும் டேஷ்போர்டு இறக்குவதை யோசியுங்கள். கேஸை மெஷினில் உறிஞ்சி எடுத்து, ஓ-ரிங் எல்லாம் புதிதாகப் போட்டு, வேக்குவம் பிடித்துத் திரும்ப நிரப்புகிற இடமாக இருக்க வேண்டும்.

15. கம்பம்மெட்டு_டீசல்

ஓசோன் மெஷின் வச்சு "பூசணம் முழுக்கக் கொல்றோம்"னு ஒரு விளம்பரம் பாத்தேன். அரை மணி நேர வேலையாம்.

16. மார்த்தாண்டம்_ஸ்பேனர்

வாசனை போகும். சிகரெட் நாத்தத்துக்கு சரி. ஈரக் கார்பெட்டுக்கு அது என்ன செய்யும்? அடியில நிக்கிற தண்ணி அங்கயே நிக்கும், ரெண்டு வாரத்துல திரும்ப வரும். செத்த பூசணமும் ஆஸ்துமாக்காரங்களுக்கு மூச்சை இழுக்கும், துடைச்சு எடுக்கணும். ஓசோன் டோர் பீடிங் ரப்பரையும் சீட் ஸ்பாஞ்சையும் விரிசல் விட வைக்கும். செய்யணும்னா ஆள் இல்லாம, முடிஞ்சதும் ஒரு மணி நேரம் கதவு திறந்து வச்சு. எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது.

கார்பெட்டுக்கு வருவோம். 7டி மேட், ரெக்சின் தரை ஒட்டியிருந்தா முதல்ல அதைத் தூக்குங்க. இந்த ரெண்டும் போடுறவன் புண்ணியத்துலதான் பாதி பூசணம் வளருது. ஈரம் உள்ள போக வழி உண்டு, வர வழி இல்ல.

பேட்டரி நெகட்டிவைக் கழட்டி குறைஞ்சது மூணு நிமிஷம் பொறுங்க, உங்க மேனுவல்ல வேற கணக்கு போட்டிருந்தா அதுபடி. சீட் அடியில மஞ்சள் கனெக்டர் இருந்தா அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, பேட்டரி இணைப்போட அதைத் தொடக் கூடாது. கதவடிப் பட்டையை மேல் நோக்கி இழுத்தா கிளிப் விடும். கார்பெட்டை முழுசா எடுக்க வேண்டாம், ஓரத்துல இருந்து தூக்கி அடியில தேங்காய்ச் சிரட்டை ரெண்டைக் கவுத்தி வச்சு காத்து போக இடம் பண்ணுங்க. முதல்ல துண்டு வச்சு மிதிச்சு மிதிச்சு உறிஞ்சுங்க, ஈரம் இழுக்கிற வேக்குவம் கிடைச்சா இன்னும் நல்லது. அப்புறம் டேபிள் ஃபேன். ரெண்டு மூணு நாள் ஆகும், அவசரப்பட்டு மூடினா மறுபடி முதல்ல இருந்து. வயர் கட்டுல ஈரம் இருக்கான்னு பாத்துக்கோங்க, சில வண்டியில கம்ப்யூட்டர் பெட்டியே கார்பெட் அடியிலதான்.

வெயில்ல நிறுத்துறதுன்னா கண்ணாடி ஒரு விரல் இறக்கி வைங்க. முழுசா மூடினா பகல்ல ஆவியாகி கண்ணாடியில ஒட்டி ராத்திரி திரும்ப இறங்கிடும்.

17. களியக்காவிளை_கறிவேப்பிலை

சிலிக்கா ஜெல் மூட்டை ஒரு கிலோ வாங்கிப் போட்டா முடியாதா அண்ணாச்சி? கார்பெட்டைத் தூக்கச் சோம்பல்.

18. சாரல்_தென்காசி

கணக்குப் போடுங்கள். ஒரு கிலோ சிலிக்கா ஜெல் குடிப்பது 200 – 300 கிராம் தண்ணீர். ஒரு ஆள் மூச்சிலும் தோலிலும் மணிக்கு 40 – 50 கிராம் விடுகிறார். நான்கு பேர் ரீசர்குலேஷனில் ஒன்றரை மணி நேரம் ஓட்டினாலே அந்த மூட்டை நிறைந்தது. நனைந்த கார்பெட் அடியில் இரண்டு மூன்று லிட்டர் நிற்கும். காய்ந்த வண்டியைக் காய்ந்தபடி வைக்கத்தான் அது. நிறம் மாறினதும் 110 டிகிரியில் ஓவனில் வாட்டித் திரும்பப் போடலாம். நீலத்திலிருந்து ரோஸ் ஆகும் வகையில் கோபால்ட் உப்பு உண்டு, சமையல் ஓவனில் வேண்டாம். ஆரஞ்சிலிருந்து பச்சை ஆவதை வாங்குங்கள்.

தண்ணீர் சேரும் டப்பா வகை (கால்சியம் குளோரைடு) ஓடுகிற வண்டியில் வேண்டாம். கவிழ்ந்தால் அந்த உப்புத் தண்ணீர் காயவே காயாது, தகடு துருப்பிடிக்கும்.

19. களியக்காவிளை_கறிவேப்பிலை

சரி, தூக்குறேன். 😅 சிரட்டைக்கரி மூட்டை கட்டிப் போடுறாங்களே?

20. மார்த்தாண்டம்_ஸ்பேனர்

மக்ளே, அடுப்புக்கரியும் ஃபில்டர்ல இருக்கிற கரியும் ஒண்ணு இல்ல. சிரட்டையிலிருந்து செஞ்சாலும் அதை நீராவியில வாட்டித் துளை பண்ணாத்தான் வாசனை பிடிக்கும். சும்மா கரி, சீட்டைக் கறுப்பாக்கும். அவ்வளவுதான்.

21. புளியரை_வளைவு

கார்பெட் காயுது. சீட், பெல்ட், பிளாஸ்டிக்ல இருக்கிற பூசணத்தை எதால துடைக்கிறது?

22. மார்த்தாண்டம்_ஸ்பேனர்

வெளியே, நாலு கதவும் திறந்து, என்95 மாஸ்க், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. வீட்டுல மூச்சுத் தொந்தரவு இருக்கிறவங்க, குழந்தைங்க பக்கத்துல வர வேண்டாம். காஞ்ச பிரஷ்ஷால தேய்க்கிறது பெரிய தப்பு, விதை வண்டி முழுக்கப் பறக்கும். ஹெப்பா ஃபில்டர் இல்லாத வேக்குவமும் பின்னால கக்கும். முதல்ல ஈர மைக்ரோஃபைபர்ல ஒத்தி எடுங்க, ஒவ்வொரு தடவையும் துணி மடிப்பை மாத்துங்க.

சீட் துணிக்கு வெதுவெதுப்பான தண்ணி ஒரு லிட்டர்ல ஒரு டீஸ்பூன் லிக்விட் டிடர்ஜென்ட். நுரையை மட்டும் எடுத்துத் தேயுங்க, தண்ணியை ஊத்தாதீங்க. சுத்தத் துணியால ரெண்டு தடவை எடுத்து, அன்னிக்கே ஃபேன்ல காய வைக்கணும். அதனால மழை விட்ட காலை நேரமா பாத்துத் தொடங்குங்க.

கடின பிளாஸ்டிக், சீட் தண்டவாளம், கதவு உள்பக்கம்: டிடர்ஜென்ட்ல துடைச்ச பிறகு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் துணியில நனைச்சு. 99 சதவீதம் சீக்கிரம் பறந்துடும், வேலை குறைவு. மிச்சமிருக்கிற கை சானிடைசர் வேண்டாம், அதுல கிளிசரின் இருக்கு, பிசுக்கு ஒட்டித் தூசி பிடிக்கும். மீட்டர் கண்ணாடி, டச் ஸ்கிரீன், தோல் சீட்டுல ஆல்கஹால் படக் கூடாது. தீப்பிடிக்கிற பொருள், துடைச்சு முடிச்சு ஆறின பிறகு சாவி போடுங்க.

வினிகர் சில பூசணத்துக்கு கேக்கும், எல்லாத்துக்கும் கேக்காது. ஆனா வினிகரையும் பிளீச்சையும் ஒரு நாளும் கலக்காதீங்க, குளோரின் கேஸ் வரும்.

கூரைத் துணியை ஒத்தி மட்டும் எடுங்க. நனைச்சா பசை விட்டுத் தொங்கும்.

23. பாலக்காடு_ஏட்டன்

ஐயப்ப சீசனுக்கு ஒண்ணு சேர்த்துக்கோங்க. ஆரியங்காவு, அச்சன்கோவில் வழியா போயிட்டு வர்ற வண்டியில பின்சீட்ல நனைஞ்ச வேட்டி, துண்டு. சீட் இடுக்குல சிந்தின இருமுடி அரிசியும் நெய்யும். நெய் பிடிச்ச துணி டிடர்ஜென்ட் இல்லாம போகாது. ஊர் வந்த அன்னிக்கே சீட்டைத் தூக்கி அள்ளிடணும்.

24. கம்பம்மெட்டு_டீசல்

எலியும். ஃபில்டர் பெட்டிக்குள்ள கூடு கட்டும். நிறுத்தும்போது ரீசர்குலேஷன்ல வச்சு அணைச்சா வெளிக்காத்து மூடி சாத்தியிருக்கும், நுழையறது குறையும். எலிக் கழிவு தெரிஞ்சா காஞ்சபடி துடைக்காம கிருமிநாசினி தெளிச்சு ஈரமாக்கி, கையுறையோட எடுங்க. மழைக்காலத்துல எலிக்காய்ச்சல் விளையாட்டு இல்ல. ஈர வண்டிக்கு கவர் போடுறதையும் நிறுத்துங்க, வேக வைக்கிற மாதிரி.

25. புளியரை_வளைவு

எல்லாம் ஆச்சு, புது ஃபில்டர் அம்பு பாத்துப் போட்டாச்சு. ராத்திரி மீட்டர் 58. ஒண்ணே ஒண்ணு: பின்சீட் பெல்ட்டுல பொட்டு போச்சு, லேசா மஞ்சள் கறை மட்டும் இருக்கு. பிளீச்ல ஒரு தடவை தொடலாமா?

26. மார்த்தாண்டம்_ஸ்பேனர்

கூடாது. பிளீச், ஆல்கஹால், சாயம் எதுவும் பெல்ட் நூலைப் பலவீனமாக்கும். கண்ணுக்குத் தெரியாது, மோதும்போதுதான் தெரியும். வெதுவெதுப்பான தண்ணியும் லேசான சோப்பும் மட்டும். பெல்ட்டை முழுசா இழுத்து, சுருளுக்குப் பக்கத்துல துணிக் கிளிப் ரெண்டு போட்டு நிறுத்தி, துடைச்சு, அப்படியே நிழல்ல ஒரு நாள் தொங்க விடுங்க. ஈரத்தோட உள்ள சுருண்டா சுருள் பெட்டிக்குள்ள அடுத்த தோட்டம். காஞ்சதும் கிளிப்பை எடுத்து ஒரு தடவை வெடுக்குன்னு இழுத்துப் பாருங்க, பூட்டணும். கறை இருந்துட்டுப் போகட்டும். ஓரம் பிசிறடிச்சிருந்தாலோ, நூல் விரைச்சிருந்தாலோ பெல்ட்டையே மாத்துங்க.

27. புளியரை_வளைவு

பிசிறு இல்ல, பூட்டுது. நன்றி அண்ணாச்சி.